ப்ரூஃப் டெஸ்ட் சர்வீஸ்: வால்வுல முழு மார்க், ட்ரான்ஸ்மிட்டர்ல பாதி

எங்க பிளான்ட் ஷட்டவுன்ல ட்ரிப் லூப் (ஆபத்து வந்தா சென்சார், லாஜிக், வால்வு சேர்ந்து பிளான்ட்டை தானா நிறுத்தற ஏற்பாடு) எல்லாத்தையும் ப்ரூஃப் டெஸ்ட் பண்ண, அதாவது ஒளிஞ்ச ஃபால்ட் ஏதும் இருக்கான்னு சோதிச்சுப் பாக்க, வெளியிலேர்ந்து ஒரு டீமை கூப்பிட்டிருந்தோம், பேர் வேணாம், வேலை எப்படின்னு மட்டும் சொல்றேன்.

ரொம்ப பிடிச்ச விஷயம், வால்வுல யாரையும் கை வெக்க விடாம முதல் ஸ்ட்ரோக்குக்கே (வால்வு ஒரு தடவை முழுசா நகர்றது) டைம் எடுத்தாங்க. நிறைய இடத்துல க்ரீஸ் போட்டு, ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் தான் டைம் எடுப்பாங்க, பாஸ் ஆகாம என்ன ஆகும்? மாசக்கணக்கா திறந்தே நின்ன வால்வு முதல் தடவையே நகருதாங்கறது தான் கேள்வி, நிஜ ட்ரிப்புல ரெண்டாவது சான்ஸ் கெடையாது. ஒரு ஃபீட் லைன் வால்வு, சாலினாய்டு (வால்வை பிடிச்சு வெச்சிருக்கற காத்தை திறந்து விடற சின்ன மின் வால்வு) காத்தை புஸ்ஸுனு விட்டும் அசையல, கொஞ்சம் கழிச்சு சடக்குனு ஒரு குதி குதிச்சு மூடுச்சு, அடுத்த தடவை அழகா மூடுச்சு. ரெண்டையும் எழுதி முதல் ஸ்ட்ரோக்கை ஃபெயில்னே போட்டாங்க, "இப்போ தான் ஓகே ஆயிடுச்சே சார்"னு எங்க ஆளுங்க சொல்லியும் மாத்தல.

ட்ரான்ஸ்மிட்டர்ல (சென்சார் அளக்கற ப்ரஷரை கரன்ட் சிக்னலா லாஜிக்குக்கு அனுப்பற கருவி) தான் ஏமாத்தம். ஹார்ட் கம்யூனிகேட்டர்ல (ட்ரான்ஸ்மிட்டரோட பேசற கைக்கருவி) நிஜ ப்ரஷர் குடுக்காமலே கரன்ட்டை சிமுலேட் பண்ணிட்டு முடிஞ்சதுன்னாங்க. அது லாஜிக் சரியா ட்ரிப் குடுக்குதான்னு காட்டும், சென்சாரே செத்திருந்தாலோ ப்ரஷரை அதுக்கு கொண்டு வர்ற சின்ன குழாயான இம்பல்ஸ் லைன் அடைச்சிருந்தாலோ காட்டாது. சில் 2 (SIL 2, ட்ரிப் லூப்பை எவ்வளவு நம்பலாம்ங்கற தரநிலை)ன்னா தேவைப்படுறப்போ சராசரியா 100 தடவைக்கு ஒண்ணுக்கும் கம்மியா தான் தவறலாம்ங்கற கணக்கு, அதுவே டெஸ்ட்ல ஒளிஞ்ச ஃபால்ட் வெளிய வரும்னு நம்பி போட்டது தானே, பாதி டெஸ்ட் பண்ணா அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? சண்டை போட்டப்புறம் தான் ஹேண்ட் பம்ப் வெச்சு ப்ரஷர் குடுத்தாங்க, இம்பல்ஸ் லைனையும் ஃப்ளஷ் பண்ணாங்க.

முடிச்சு பழையபடி வெக்கறதுல குறையே இல்ல. 2005 டிசம்பர்ல இங்கிலாந்து பன்ஸ்ஃபீல்டுல பெட்ரோல் டேங்க் வழிஞ்சு வெடிச்சதே, அங்க டேங்க் நிரம்பினா வரத்தை நிறுத்த வேண்டிய ஹை லெவல் ஸ்விட்ச்சோட டெஸ்ட் லீவரை சரியான இடத்துல நிறுத்தற பூட்டை போடாம விட்டதால ஸ்விட்ச் இருந்தும் வேலை செய்யல. இவங்க ஒவ்வொரு ஃபோர்ஸ் (லாஜிக்ல கையால போட்ட சிக்னல்), பைபாஸ் (ட்ரிப்பை தற்காலிகமா தடுத்து வெக்கறது), ஐசொலேஷன் வால்வையும் (லைனை அடைச்சு வெக்கற வால்வு) ரெண்டு பேர் தனித்தனியா பாத்து கையெழுத்து போட்ட பிறகு தான் லூப்பை ஒப்படைச்சாங்க.

ரிப்போர்ட் லேட்டா வந்துச்சு, ஆனா தெளிவா இருந்துச்சு. 5க்கு 4 குடுப்பேன். திரும்பவும் கூப்பிடுவோம், ஆனா சென்சாருக்கு நிஜ ப்ரஷர் குடுத்து தான் டெஸ்ட் பண்ணணும்னு ஒர்க் ஆர்டர்லயே எழுதிருவோம், நீங்களும் எழுதிருங்க.