மொட்டை மாடி இடிதாங்கியோடு எட்டு வருஷம்

எங்களுடையது சென்னையில் 14 மாடி அடுக்ககம். அசோசியேஷனில் கரண்ட் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில்தான்.

இடிதாங்கி வாங்கும்போது ஒருவர் உருண்டைத் தலை வைத்த கம்பியைக் காட்டி, "மின்னலை முன்னாடியே பிடிச்சிடும் சார், ஒண்ணே போதும்" என்றார். விலை மூன்று மடங்கு. மின்னல் பாதுகாப்புக்கான ஐஎஸ்/ஐஇசி 62305 தரத்தில் அந்த மாயத்துக்கு மதிப்பெண் கிடையாது. கம்பியின் நிஜ உயரத்தைத்தான் கணக்கில் எடுக்கும். சாதாரணக் கம்பிகள் நட்டு, மின்னலைத் தரைக்கு இறக்கும் உலோகப் பட்டையைக் கைப்பிடிச் சுவரைச் சுற்றி ஓட்டினோம். இதுவரை வருத்தமில்லை.

முதல் வருஷமே, மே மாதச் சாயங்கால இடியில், லிஃப்ட் போர்டு போச்சு. கூடவே நாலைந்து வீட்டு மோடமும். இடிதாங்கி இருந்துமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பல்லாயிரம் ஆம்பியர் பட்டை வழியே இறங்கும்போது பக்கத்து வயர்களிலும் வோல்டேஜ் எகிறும். அதைத் தடுப்பது கம்பியின் வேலை இல்லை. அப்புறம்தான் மெயின் பேனலிலும் லிஃப்ட் பேனலிலும் சர்ஜ் ப்ரொடெக்டர், அதாவது திடீரென்று எகிறும் வோல்டேஜை அடக்கும் சாதனம், போட்டோம். அதில் நகக்கண் அளவு ஜன்னல் ஒன்று உண்டு. பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் தீர்ந்தது. இதுவரை இரண்டு முறை சிவந்திருக்கிறது. இப்போது இடி இடித்த மறுநாள் காலையில் வாட்ச்மேன் அண்ணன் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்.

பெரிய கூத்து நாலாவது வருஷம். பெயிண்ட் அடித்தவர்கள் தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற டெஸ்ட் லிங்க்கை (அளந்து பார்ப்பதற்காகப் பட்டையில் வைத்த, கழற்றி மாட்டும் இணைப்பு) கழற்றிவிட்டு மாட்டாமல் போயிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க ஒரு பக்கத்துப் பட்டை அந்தரத்தில் தொங்கியது. மேலே கம்பி ஜம்மென்று நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எர்த் டெஸ்டருடன் எலக்ட்ரீஷியன் வந்த அன்றுதான் தெரிந்தது. சாயம் பூசிய சுவருக்குப் பக்கத்தில் இரண்டு போல்ட் ஓட்டையும் காலியாக இருந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்றே எர்த் குழியையும், அதாவது பட்டை மண்ணில் போய்ச் சேரும் இடத்தையும், பார்த்தார். 10 ஓமுக்குள் இருக்க வேண்டிய மின்தடை 17 காட்டியது. கரியும் உப்பும் போட்ட பழைய குழி; உப்பு இணைப்பை அரித்துப் பச்சை பூத்திருந்தது. பெண்டோனைட் என்கிற களிமண் போட்டுப் புதுசாக எடுத்தோம். கோடையில் அளந்தாலும் இப்போது 6, 7 தாண்டுவதில்லை. அளக்கிறதென்றால் கோடையில் அளந்து பாருங்கள். மழையில் எல்லாக் குழியும் நல்ல பிள்ளைதான்.

போன வருஷம் சோலார் வந்தது. பேனல் சட்டம் கம்பியை விட உயரமாகப் போனதால் இன்னும் இரண்டு கம்பி நட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் மறுபடி பெயிண்டிங். டெஸ்ட் லிங்க் எல்லாவற்றுக்கும் பெட்டி போட்டுப் பூட்டியாச்சு, சாவி என்னிடம்.