வெயில் கணக்கு: இன்டெக்ஸா, பட்டையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஒருவர் மேல் எவ்வளவு புற ஊதாக் கதிர் படுகிறது என்று கணக்கிட இரண்டு வழிகள்.

ஒன்று செலவில்லாதது: புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் எண்ணான யூவி இன்டெக்ஸை வெளியே நின்ற நேரத்தால் பெருக்குவது. இன்டெக்ஸ் 1 என்றால், தோலைச் சிவக்க வைக்கும் கதிர் சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். 10 என்றால் ஒரு மணி நேரத்தில் 900 ஜூல். சுலபம்தான். ஆனால் அது திறந்தவெளிக்கான அளவு. செம்பனை நிழலில் குலை வெட்டும் அண்ணனும், மறுநடவு நிலத்தில் மொட்டை வெயிலில் மருந்தடிக்கும் அக்காவும் அதற்கு ஒன்றுதான். இருட்டோடு போய் ரப்பர் பால் வெட்டுகிறவரைக் கேட்டால், "காலையெல்லாம் வெளியிலதான்" என்பார். அதை அப்படியே எழுதினால், இருட்டு நேரமும் சேர்ந்து கணக்கு கெட்டது.

இன்னொன்று, சட்டையில் குத்தும் பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக் பட்டை. 1970களிலிருந்து இருக்கிறது. புற ஊதா பட்டால் அதன் ஒளி உறிஞ்சும் தன்மை மாறும். 330 நானோமீட்டரில் அளந்தால் பட்ட அளவு தெரியும். நிழலும் கணக்கில் வந்துவிடும். தொல்லை என்னவென்றால், நம் ஊர் வெயிலில் பட்டை சீக்கிரம் நிரம்பிவிடும், மாற்ற வேண்டும். அப்புறம், தோளில் குத்தினால் தோளின் அளவுதான். தொப்பிக்குக் கீழே உள்ள முகத்துக்கு அல்ல.

ஊர் மொத்தத்துக்கும் இன்டெக்ஸ் போதும். வேலைக்கு வேலை வித்தியாசம் பார்க்க நான் பட்டையைத்தான் எடுப்பேன்.