சாந்தன் கம், குவார் கம், கார்ன்ஃப்ளோர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சாஸ், சூப் கெட்டியாக்க சாந்தன் கம் (பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கும் தூள்), குவார் கம் (கொத்தவரை விதைத் தூள்), கார்ன்ஃப்ளோர் மூன்றையும் சில வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். இப்போது கை முதலில் போவது சாந்தன் கம் பக்கம்தான். அது சூட்டுக்கு லேசில் அசைந்து கொடுப்பதில்லை. கொஞ்சம் உப்பு உள்ள சாஸ் என்றால், அடுப்பில் இருக்கும் பதமும் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது இருக்கும் பதமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குவார் கம் குளிர்ந்த தண்ணீரிலேயே கெட்டியாகிவிடும். ஆனால் சூடேற ஏற இளகும். கொதிக்கும்போது பார்த்து 'இன்னும் கொஞ்சம்' என்று தூவினால், ஆறிய பிறகு கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். அதனால் எந்தச் சூட்டில் சாப்பிடப் போகிறோமோ அந்தச் சூட்டில்தான் பதம் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் ஆறவிட்டுப் பார்த்தாலே போதும்.

அளவு விஷயம் இன்னும் வில்லங்கம். தூளை இரட்டிப்பாக்கினால் கெட்டித்தன்மையும் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். குவார் கம்மை 0.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக்கினால் அது பத்து மடங்கையும் தாண்டலாம். நீண்ட மூலக்கூறுகள் நெருங்க நெருங்க ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் காரணம். ஸ்பூன் கணக்கு இதற்கு ஆகாது, 0.1 கிராம் வரை காட்டும் தராசு வாங்கிவிடுங்கள். அரை லிட்டர் சாஸுக்கு நான் போடுவது 1 முதல் 1.5 கிராம் சாந்தன். 0.5 சதவீதத்தைத் தாண்டினால் வாயில் கொழகொழவென்று இருக்கும், எனக்குப் பிடிக்காது.

சாந்தனின் இன்னொரு குணம்: பாட்டிலைக் குலுக்கினால் இளகி ஊற்றும், தட்டில் விழுந்ததும் ஓடாமல் நிற்கும். சாலட் டிரெஸ்ஸிங்குக்கு இதைவிட என்ன வேண்டும்? தண்ணீரில் நேரடியாகக் கொட்டினால் மட்டும் கட்டி கட்டியாகும். முதலில் எண்ணெயில் குழைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

கார்ன்ஃப்ளோரை முழுதாக விடவில்லை. 65 டிகிரி வாக்கில்தான் அது கெட்டியாகத் தொடங்கும். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டுக் கிளறினால் மாவுத்துகள்கள் உடைந்து மறுபடி நீர்த்துவிடும், புளிப்பு இருந்தால் இன்னும் சீக்கிரம். மறுநாள் தண்ணீர் வேறு விடும். ஆனாலும் உடனே பரிமாறும் பளபளப்பான சாஸ் என்றால் அதுதான். சாந்தனை மிக்ஸியில் அடித்தால் காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொண்டு சாஸ் மங்கலாகிவிடுகிறது.