பின்னியா, ஐ.சி.எஃப்-பா, எண்ணூரா?

வடசென்னையில் ஓர் ஆலை நொடித்தால் அடுத்து என்ன என்பதற்குக் கண்ணெதிரே மூன்று விடைகள் இருக்கின்றன. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அங்கே வரும் வேலை, பக்கத்துத் தெருவில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கிடைக்குமா?

முதலில் பெரம்பூரின் பின்னி மில் என்ற துணி ஆலை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான ஆலை, 1996-இல் மூடப்பட்டது. பிறகு கொஞ்சகாலம் சினிமாக்காரர்கள் அங்கே சண்டைக்காட்சி எடுத்தார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மனை விலை ஏறியது, சரி. ஆனால் கட்டடம் எழும்பி முடிந்ததும் அக்கம்பக்கத்தாருக்கு மிஞ்சுவது காவலாளி வேலையும் துப்புரவு வேலையும்தான். தறி ஓட்டிய கைக்கு அங்கே இடமில்லை.

ஐ.சி.எஃப். கதை வேறு. 1955-இல் சுவிஸ் நுட்பத்தோடு பெரம்பூரில் தொடங்கிய இந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2018-இல் அந்தப் பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவதையே நிறுத்திவிட்டது. அதே ஆண்டு அங்கிருந்து வந்தே பாரத் வெளிவந்தது. இடம் மாறவில்லை, பொருள் மாறியது. நான் மெச்சுவது இதைத்தான். வந்தே பாரத்துக்குத் தனி இன்ஜின் கிடையாது; மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஆகவே பெட்டியின் கூட்டைக் கட்டும் ஷெல் பிரிவில் வெல்டருக்கும், உள்வேலைகளை முடிக்கும் ஃபர்னிஷிங் பிரிவில் வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கும் வேலை உண்டு. பெட்டிக்கான உதிரிபாகங்களால் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கும் பிழைப்பு நடக்கிறது. குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் ரயில்வேயே வாங்கிக்கொள்வதால் விற்குமா என்ற கவலை அங்கே இல்லை. தனியார் ஆலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நிரந்தர வேலைக்கான தேர்வை நாடு முழுவதும் எழுதுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு எட்டுவது பெரும்பாலும் அப்ரண்டிஸ் பயிற்சிதான். அந்தப் பயிற்சியை வைத்து வெளியே வேலை தேடலாம் என்பதால் அதையும் நான் லாபக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

எண்ணூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1970-இல் வந்த அனல்மின் நிலையம் 2017-இல் நின்றது. 2001 முதல் துறைமுகம் ஓடுகிறது; நிலக்கரியை இயந்திரங்கள் இறக்குகின்றன, கன்வேயர் கொண்டுபோகிறது; ஆள் அதிகம் தேவையில்லை. கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்து மீனவர்களின் வலையைப் பாழாக்கியது. இருந்த தொழிலைக் கெடுத்துவிட்டு வரும் வளர்ச்சியை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

இந்தியாவில் திருவொற்றியூரில் மோட்டார்சைக்கிள் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்தில் புது ஆலை திறந்ததும் இந்தப் பட்டியலில் வர வேண்டியதுதான். விரிவாக்கமெல்லாம் நகரின் மறுகோடிக்குப் போனது; 2021-இல் வடக்கே விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. வேலை தெற்கே, வீடு வடக்கே என்றாகிவிட்டது.

என் ஓட்டு ஐ.சி.எஃப். வழிக்கே. ஆனால் அதை எல்லா இடத்திலும் அப்படியே நகலெடுக்க முடியாது. பின்னி வழியைத் திருத்தலாம். ஆலை நிலத்தில் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்டு வருபவரிடம், ஒரு பங்கைச் சிறு பட்டறைகளுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒதுக்கச் சொல்லி அரசு நிபந்தனை போடட்டும். பெட்டிக்குக் கதவுக் கைப்பிடி செய்பவர் அம்பத்தூரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?