தோல் பர்ஸ் தைக்க கையா, மிஷினா?

சென்னை பெரியமேட்டில் தோல் வாங்கி வந்த பலரும் அடுத்துத் தடுமாறுவது இங்கேதான்: வீட்டுத் தையல் மிஷினில் ஓட்டலாமா, இரண்டு ஊசி பிடித்துக் கையால் தைப்பதா?

செலவு. கைக்கு: மழுங்கல் முனை ஊசி இரண்டு, மெழுகு நூல், துளை போடும் பல் உளி, சுத்தியல். மிஷினுக்கு: அது வீட்டில் இருந்தால் தோல் ஊசி மட்டும்.

வேகம். மிஷினில் பத்து நிமிடம், கையில் ஒரு மாலைப் பொழுது. கைத்தையலுக்கு நூலும் தையல் நீளத்தைப்போல நான்கு மடங்கு வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் வியர்த்த விரலில் ஊசி வழுக்குவது தனிக்கதை.

உறுதி. மிஷினில் மேல்நூலும் கீழ்நூலும் தோலுக்கு நடுவே ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனைகளும் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகக் கடக்கும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை சட்டென்று பிரியாது.

தப்பு நடந்தால்? துணி மாதிரி இல்லை, தோலில் விழுந்த துளை மூடாது. என் முதல் பர்ஸில் நான்கு மடிப்பு சேரும் மூலையில் மிஷின் ஊசி டக்கென்று முறிந்தது. பிரித்துப் பார்த்தால் ஓரம் முழுக்கச் சல்லடை.

மெல்லிய ஆட்டுத்தோல் பவுச், லைனிங் என்றால் மிஷின் சரி. தோல் மிஷின் பாதத்தில் ஒட்டி நகராவிட்டால், மேலே டிஷ்யூ பேப்பர் வைத்துத் தைத்து, அப்புறம் கிழித்துவிடலாம். பெல்ட், பை வார், தடித்த பர்ஸ் எல்லாம் கைதான்.