பவளத் தொட்டிக்குத் தினமும் எது ஊற்றும்: சுண்ணாம்பா, ரியாக்டரா, டோசிங் பம்பா?

வீட்டு உப்புநீர்த் தொட்டியில் ஸோவாந்திட், காளான் பவளம் என்று மென்பவளங்கள் மட்டும் வளர்க்கிறவர்களுக்குத் தினமும் எதையாவது ஊற்றும் கவலையே வேண்டாம். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும், புது உப்பில் வருவதே அவற்றுக்குத் தாராளம். அக்ரோபோரா, மோன்டிபோரா மாதிரி கல் எலும்பு கட்டும் பவளங்களை உள்ளே விட்ட பிறகுதான் கணக்கு ஆரம்பிக்கிறது. அவை கால்சியத்தையும் காரத்தன்மையையும் இரவு பகலாக இழுக்கும். காரத்தன்மையை அளக்கும் அலகான டிகேஎச்சில் 2.8 குறைந்தால் கூடவே 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கால்சியமும் போயிருக்கும். தொட்டியில் 8 டிகேஎச், 420 பிபிஎம் கால்சியம் என்று வைத்திருப்பது நல்லது. 7.5 என்றாலும் 9 என்றாலும் பவளம் பொறுத்துக்கொள்ளும். இன்றைக்கு 7, நாளைக்கு 9 என்று ஆடினால்தான் அக்ரோபோராவின் நுனி வெளுக்கும்.

எங்களுடையது சிங்கப்பூரில் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு, வரவேற்பறையில் 150 லிட்டர் தண்ணீர். நாளொன்றுக்குச் சுமார் 1 டிகேஎச் குறைகிறது. கையால் அளந்து ஊற்றலாம், நன்றாகவே வேலை செய்யும், வீட்டை விட்டு எங்கும் போகாதவர்களுக்கு. மற்றவர்களுக்கு மூன்று வழிகள்.

முதலாவது கால்க்வாசர். பேர்தான் ஜெர்மன், சரக்கு நம் வெற்றிலைச் சுண்ணாம்பில் இருக்கும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. (கடைச் சுண்ணாம்பில் கூட என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, அதனால் தொட்டிக்கென்று தூய தூளாகத்தான் வாங்க வேண்டும்.) ஒரு லிட்டர் ஆர்ஓ (சுத்திகரித்த) தண்ணீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் கரையும், மிச்சம் அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரை, தொட்டியில் வற்றும் தண்ணீருக்கு ஈடாக ஏடிஓ (வற்றியதைத் தானாக நிரப்பும்) பம்ப் ஏற்றிவிடும். தினம் 2 லிட்டர் வற்றுகிறது, அத்தனையும் நிறைசெறிவான சுண்ணாம்பு நீர் என்றால் 150 லிட்டருக்கு ஏறக்குறைய 1.5 டிகேஎச் கிடைக்கும். கால்சியமும் சரியான விகிதத்தில் கூடவே வரும். செலவு என்று சொல்லவே ஒன்றுமில்லை. ஜன்னல் சாத்தி ஏர்கான் போட்ட வீட்டில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி பிஎச் இறங்கிக் கிடக்கும். அதை உயர்த்த கால்க்கை மிஞ்ச எதுவுமில்லை. இது இதன் பெரிய பலம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பவளம் கேட்பது ஒரு அளவு, தண்ணீர் வற்றுவது வேறு அளவு. ஃபேன் ஓடும் வாரத்தில் அதிகம் வற்றும், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) போட்டால் குறையும், டிசம்பர் மழையில் இன்னும் குறையும். பவளத்தின் பசி இதையெல்லாம் பார்த்து மாறாது. அப்புறம், மூடி சரியாகப் பொருந்தாத வாளியில் சுண்ணாம்பு நீரின் மேல் பாலாடை மாதிரி ஒரு ஏடு படியும். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டு அது கால்சியம் கார்பனேட்டாக மாறிவிட்டது, தொட்டிக்குப் பயன்படாது. உங்கள் கணக்கு அந்த அளவுக்குப் பொய்.

இரண்டாவதான கால்சியம் ரியாக்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், சொந்தமாக ஓட்டியதில்லை, நண்பர் வீட்டில் பார்த்ததுதான். அரகோனைட் (கால்சியம் கார்பனேட்) துகள் நிரப்பிய குழலுக்குள் கார்பன் டை ஆக்சைடு விட்டு, பிஎச்சை 6.5 அளவுக்கு இறக்கி, துகளைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கு விடுகிறது. பெரிய தொட்டி, நிறைய கல் பவளம் என்றால் மற்ற இரண்டும் ஈடு கொடுக்காது. ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், சொலினாய்டு, ஊசி வால்வு என்று எல்லாம் சேர்ந்து 150 லிட்டருக்கு ரொம்ப அதிகம். போதாததற்குத் தொட்டியின் பிஎச்சையும் கீழே இழுக்கும். சொட்டு அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்பது நண்பரின் புலம்பல். எல்லா ரியாக்டரும் அப்படியா என்று என்னால் சொல்ல முடியாது.

நான் போட்டிருப்பது மூன்றாவதான டோசிங் பம்ப் (குறித்த நேரத்தில் குறித்த அளவைத் தானே ஊற்றும் கருவி), இரண்டு பாட்டில். ஒன்றில் கால்சியம் குளோரைடு கரைசல், இன்னொன்றில் சோடியம் கார்பனேட். இதற்கான வீட்டுச் செய்முறைகளில் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற வேதியியலாளருடையது பெயர் பெற்றது. அவருடைய செறிவான கலவையில் 28 மில்லி ஊற்றினால் என் தொட்டியில் 1 டிகேஎச் ஏறும். சமையல் சோடாவை ஓவனில் 150 டிகிரியில் நன்றாக வாட்டினால் அது கார்பனேட் ஆகிவிடும். கால்சியம் குளோரைடு டப்பாவை மட்டும் திறந்துவைக்காதீர்கள். இந்த ஊர் ஈரக்காற்றை உறிஞ்சி அதுவே தண்ணீராகிவிடும்.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் தொட்டியிலேயே சுண்ணாம்பு திரியும். அதனால் ஒன்று முழு மணிக்கு, மற்றது அரை மணிக்கு, சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) நல்ல நீரோட்டம் இருக்கும் அறையில். பவளம் வளர வளர அளவைக் கூட்ட வேண்டும் என்றால் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது. ஒரு குறை உண்டு: பவளம் எடுத்தது போக சோடியமும் குளோரைடும் தண்ணீரிலேயே தங்கிவிடும், உப்பு மெல்ல ஏறும். மாதம் ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துத் தண்ணீர் மாற்றும்போது சரிக்கட்டலாம்.

இவ்வளவும் சொன்னாலும் என்னை இந்தப் பக்கம் இழுத்தது ஒரே விஷயம்: பழுதானால் எந்தப் பக்கம் சாயும்? ஏடிஓவின் மிதவையோ சென்சாரோ சிக்கிக்கொண்டால் பம்ப் நிற்காது. 10 லிட்டர் வாளிச் சுண்ணாம்பு நீர் மொத்தமும் இறங்கினால் 7 டிகேஎச்சுக்கு மேல் ஒரேயடியாக ஏறும், பிஎச் எகிறும், தண்ணீர் பால் நிறத்தில் நிற்கும். டோசிங் பம்புக்கு வழக்கமாக வரும் நோய் இதற்கு நேர்மாறு. உள்ளே மூன்று உருளைகள் ஒரு மென்குழாயை நசுக்கி நசுக்கித் தள்ளுகின்றன. நாளடைவில் குழாய் தளரும், 10 மில்லி என்று சொன்ன இடத்தில் 9 தான் வரும், பிறகு 8.5. பவளம் கொஞ்சம் பட்டினி கிடக்கும், வாராந்திரச் சோதனையில் டிகேஎச் இறங்குவது தெரியும், நமக்கு அவகாசம் கிடைக்கும்.

அதனால் பராமரிப்பு என்றால் இங்கே அந்தக் குழாய்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை அளவுக் குழலை வைத்துப் பம்பை 10 மில்லி தள்ளச் சொல்லிப் பார்க்க வேண்டும். பம்பின் தலையை (உருளைகளும் குழாயும் இருக்கும் பகுதி) கழற்றினால் உருளை படும் இடத்தில் குழாய் வட்டம் போய்த் தட்டையாகி, வெளுத்திருக்கும். அந்தக் கட்டத்தில் அளவைத் திருத்தி ஓட்டுவதைவிட மாற்றிவிடுவதே மேல். ரொம்பத் தேய்ந்தது சரியாக அழுத்தாது, பாட்டில் உயரத்தில் இருந்தால் தானாகவே வழியும். பாட்டிலைக் கீழ்த்தட்டில் வையுங்கள், குழாயின் நுனி தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். நுனியில் வெள்ளையாகப் படியும் பொருக்கை அவ்வப்போது விரலால் நசுக்கி உதிர்த்தால் போதும்.

பம்ப் நிற்காமல் ஓடிவிடும் அபாயம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டுப்பாட்டுப் பலகை கெட்டால் அதுவும் நடக்கும். செறிவான கார்பனேட் ஒரு லிட்டர் முழுக்க என் தொட்டியில் விழுந்தால் 35 டிகேஎச் ஏறும், கால்க் வாளியைவிடப் பல மடங்கு மோசம். ஆகவே பாட்டிலில் ஒரு வாரத்துக்கு வேண்டிய 200 மில்லிதான் நிரப்புவேன். அதே சரக்கில் சம அளவு ஆர்ஓ தண்ணீர் சேர்த்து 400 ஆக்கினால் இன்னும் நல்லது, சின்னச் சின்ன அளவுகளில் பம்ப் செய்யும் பிழை பாதியாகும். அப்படியும் எல்லாம் ஒரே மூச்சில் விழுந்தால் 7 டிகேஎச். கால்க் வாளியின் மோசமான நாளுக்குச் சமம், ஆனால் எளிதில் வராது.

இரண்டு பாட்டில் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு ட்ரோபிக் மரின் ஆல்-ஃபார்-ரீஃப் போல ஒரே பாட்டில் கரைசலும் உண்டு. கால்சியம் ஃபார்மேட் அடிப்படை, பம்பில் ஒரு தலை போதும். விலை கூடுதல், பிஎச்சைத் தூக்கவும் செய்யாது. சின்ன நானோ தொட்டிக்கு நானே அதைத்தான் சொல்வேன்.

பம்ப் வாங்கும்போது செயலி, வைஃபை எல்லாம் பார்ப்பதற்கு முன் தலையும் குழாயும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மூன்று தலை உள்ளதாக எடுப்பது நல்லது. மூன்றாவது மக்னீசியத்துக்கு என்பார்கள், ஆனால் மக்னீசியம் அவ்வளவு மெதுவாகக் குறைவதால் மாதம் ஒருமுறை கையாலேயே ஊற்றிவிடலாம். என்னுடைய மூன்றாவது தலை சும்மாதான் இருக்கிறது. விளக்கு அணைந்த பிறகு அதில் கொஞ்சம் கால்க் விட்டு, இரவு பிஎச் இறக்கத்தைப் பிடித்து நிறுத்த முடியுமா என்று பார்க்கும் எண்ணம் உண்டு. அப்படிச் செய்தால் கார்பனேட் அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.