கல்லடியில் ஆறு வருட ஏசி: ஒழுகியதெல்லாம் பழுது அல்ல

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உலர்த்திய துணியை மாலைக்குள் எடுக்காவிட்டால் மறுபடி ஈரமாகிவிடும் இடம். 2019இல் அம்மாவின் அறைக்கு 12,000 பிடியு குளிர்த்திறனுள்ள ஏசி ஒன்று பூட்டினோம். ஆறு வருடமாகக் குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தண்ணீர் ஒழுகி மூன்று முறை எங்களை அலைய வைத்தது. மூன்று முறையும் இயந்திரத்தில் பழுதே இல்லை.

முதல் வருடம் முடிவதற்குள் ஒரு நாள் நடுச்சாமத்தில் அம்மா கூப்பிட்டார். “மகன், சுவரால் தண்ணீர் வடிகிறது.” தலையணை நனைந்து கனத்துப்போயிருந்தது. மறுநாள் வந்த திருத்துநர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. “காஸ் குறைந்துவிட்டது” என்று சொல்லி, காஸ் நிரப்பி, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு கிழமையில் அதே சுவர், அதே ஈரம்.

அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஏசியின் காஸ் அடுப்புக் காஸைப்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் குறையும். காஸ் குறைந்தாலும் தண்ணீர் ஒழுகலாம் என்பது உண்மைதான், ஆனால் அப்போது அறையும் சரியாகக் குளிராது. எங்கள் அறையில் அம்மா போர்வை கேட்டுக்கொண்டிருந்தார்!

இரண்டாவதாக வந்தவர் பக்கத்து ஒழுங்கைத் தம்பி. அவர் அறைக்குள் வரவேயில்லை. “அண்ணன், முதலில் தண்ணீர் போகும் குழாயைக் காட்டுங்கள்” என்று வீட்டின் பின்பக்கம் போனார். குழாயின் வாயில் குளவி மண்ணால் கூடு கட்டி, சீமெந்து பூசியதுபோல அடைத்திருந்தது. தென்னை ஈர்க்கால் குத்திக் கிளறினார். மண் உதிர்ந்தது, பின்னால் பழுப்பு நிறத்தில் கூழ்போல ஒரு பாசி வழுக்கிக்கொண்டு வந்தது, அதற்குப் பின் தண்ணீர் சளசளவென்று கொட்டியது.

அன்றுதான் விளங்கியது. அறையின் ஈரக்காற்று உள்ளே இருக்கும் குளிர்ந்த சுருளில் பட்டு நீராகிறது. அது கீழேயுள்ள தட்டில் விழுந்து, குழாய் வழியே சரிவில் வெளியேறுகிறது. எங்களுடையதைப்போன்ற சுவர் ஏசியில் அதைத் தள்ள மோட்டார் எதுவும் இல்லை, சரிவு ஒன்றுதான். வழி அடைபட்டால் தட்டு நிரம்பிச் சுவரில் வழியும். எவ்வளவு தண்ணீர் என்று அறிய ஒரு முறை வாளி வைத்துப் பார்த்தேன். காற்றே அசையாத ஏப்ரல் இரவில், பத்து மணியிலிருந்து விடியும்வரை, பத்து லீற்றர் வாளி நிரம்பும் தறுவாயில் இருந்தது. வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில் அதில் பாதிகூடச் சேரவில்லை.

2022இல் வேறு விதம். மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம்வரை போனது நினைவிருக்கும். மின்சாரம் நின்று சற்று நேரத்தில் ஏசியிலிருந்து தண்ணீர் கொட்டும். ஓடும்போது ஒரு சொட்டும் இல்லை. தூசுவலையைக் கழற்றினால், கடற்கரை மணலும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல ஒட்டியிருந்தது. காற்றோட்டம் குறைந்ததால் சுருளில் பனிக்கட்டி படிந்து, நிறுத்தியதும் உருகித் தட்டுக்கு வெளியே விழுந்திருக்கிறது. வலையைக் கழுவினேன், நின்றது. அதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுகிறேன்.

மூன்றாவது முறை ஒழுகியது மாரியில். வளவில் வெள்ளம் நின்று குழாய் நுனி மூழ்கிவிட்டது. நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் வெட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

புதிதாகப் பூட்டுபவர்கள் பணம் கொடுக்குமுன் மூன்றைப் பாருங்கள். சுவரில் துளைத்த ஓட்டை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். குழாய் எங்கும் மடிந்தோ தூக்கியோ நிற்கக்கூடாது. அறைக்குள் இருக்கும் பகுதி சாயாமல் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பூட்டியவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஒரு போத்தல் தண்ணீரைத் தட்டில் ஊற்றச் சொல்லி, வெளியே வருகிறதா என்று நின்று பாருங்கள். எங்களுக்குப் பூட்டியபோது நான் அதைச் செய்யவில்லை.

குளவிக்காகக் குழாய் வாயில் அகலக் கண்ணுள்ள வலைத்துண்டு ஒன்று கட்டியிருக்கிறேன். நுளம்பு வலை வேண்டாம், பாசி அதிலேயே சிக்கிக்கொள்ளும். கீழே வாளி நிரந்தரமாக இருக்கிறது. தட்டின் பாசியைத் தொட்டு வருவதால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. ஆனால் உப்பில்லாத தண்ணீர். விடிந்ததும் அம்மா அதைத் தன் மல்லிகைக்கு ஊற்றுகிறார்.